கொழும்பிலிருந்து ஜேர்மன்: அன்றாடப் பேச்சுக்கும் ஏற்றுமதி வேலைக்கும்

கொழும்பில் ஜேர்மன் படிக்கும் தமிழர் பெரும்பாலும் அதை ஆங்கிலத்தின் வழியாகவே படிக்கிறார்கள். பாடப்புத்தக விளக்கம் ஆங்கிலத்தில், வகுப்பில் சந்தேகம் கேட்பது ஆங்கிலத்தில், போனில் இருக்கும் செயலியும் ஆங்கிலத்தில். இதனால் வரும் நட்டம் பெரியது. வேற்றுமை உருபு, வசனத்தின் கடைசியில் வந்து நிற்கும் வினை, நீ–நீங்கள் என்ற வேறுபாடு ஆகிய மூன்றும் ஆங்கிலத்தில் இல்லை, அல்லது மங்கிப்போய் இருக்கின்றன. தமிழிலும் ஜேர்மனிலும் அவை உயிரோடு இருக்கின்றன. தமிழில் நினைத்தால் ஒரு நாளில் பிடிபடும் விஷயத்தை ஆங்கிலத்தில் நினைத்து ஒரு மாதம் மல்லுக்கட்டுகிறவர்கள் நிறையப் பேர். தமிழ் நம்மைத் தவறாகக் கூட்டிப்போகும் இடங்களும் உண்டு: நேரம், எண், சில ஒலிகள். இரண்டையும் தெரிந்துகொண்டு தொடங்கினால் பாதை குறுகும்.

எந்த மட்டம் வேண்டும்

முதலில் எதற்காகப் படிக்கிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள். ஜேர்மனியில் இருக்கும் கணவனிடமோ மனைவியிடமோ போகக் குடும்ப விசாவுக்கு விண்ணப்பிப்பவரிடம் பொதுவாக ஏ1 சான்றிதழ் கேட்பார்கள் (மொழி மட்டங்கள் ஏ1, ஏ2, பி1, பி2 என்று கீழிருந்து மேலே ஏறும்). தொழிற்பயிற்சிக்குப் போவதென்றால் பொதுவாக பி1. தாதியராகப் பதிவுபெற்று வேலை செய்ய பி2 வரை ஏற வேண்டியிருக்கும். கொழும்பிலேயே இருந்து தேயிலை, தும்பு, ஆடை, றப்பர் பொருட்கள் என்று ஏற்றுமதிப் பக்கம் வேலை செய்பவருக்குச் சான்றிதழ் கட்டாயமில்லை. ஏ2 அளவு அறிவும் வியாபாரத் தாள்களை வாசிக்கும் பழக்கமும் போதும். பேரம் பேசுவது எப்படியும் ஆங்கிலத்தில்தான் நடக்கும். அரைகுறை ஜேர்மனில் விலை பேசப் போவது ஆபத்து. வணக்கம் சொல்லவும், தொலைபேசியில் ஆளைப் பிடிக்கவும், வந்த தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கவும் ஜேர்மனைப் பயன்படுத்துங்கள்.

ஏ1 முடிக்க 45 நிமிடப் பாடங்கள் 80 முதல் 200 வரை தேவை என்று, ஜேர்மன் மொழி கற்பித்துப் பரீட்சை நடத்தும் கூத்தே நிறுவனம் கணக்கிடுகிறது. அதாவது 60 முதல் 150 மணித்தியாலம். நாளொன்றுக்கு ஒரு மணித்தியாலம் ஒதுக்கினால் நான்கு ஐந்து மாதம் என்று வைத்துக்கொள்ளலாம். அந்த நிறுவனத்தின் கொழும்புக் கிளை கொழும்பு 7, கிறகறீஸ் வீதியில் இருக்கிறது. வகுப்பும் பரீட்சையும் அங்கே நடக்கின்றன. வெளியில் படித்தவரும் பரீட்சைக்கு மட்டும் பதியலாம். திகதியும் கட்டணமும் மாறிக்கொண்டிருப்பதால் அவர்களுடைய இணையத்தளத்திலேயே பாருங்கள். விசா நேர்முகத்துக்கு நாள் குறித்துவிட்டுப் பரீட்சைக்கு இடம் தேடுவது தலைகீழ் வேலை. காசு செலவழிக்க முடியாதவர்களுக்கு டொய்ச்சே வெல்லே ஒலிபரப்பு நிறுவனம் ஏ1 முதல் பி1 வரை முழுப் பாடநெறியையும் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. தரம் நல்லது. அதில் இல்லாதது ஒன்றுதான்: நீங்கள் பேசுவதைக் கேட்டுத் திருத்த ஓர் ஆள். அதற்கு ஒருவரைத் தேடிக்கொள்ளுங்கள்.

வாய் பழகும் முன் கை எழுதக்கூடாது

இங்கே ஜேர்மன் சொற்களைத் தமிழ் எழுத்தில்தான் தருகிறோம். ஆனால் உங்கள் கொப்பியில் அப்படி எழுதிவைக்காதீர்கள். தமிழ் எழுத்து இடத்துக்கு ஏற்ப ஒலி மாறும். மெல்லினத்தை அடுத்து வரும் வல்லினம் நம் வாயில் தானாகவே தளர்ந்துவிடும். நன்றிக்கான சொல்லை ‘டங்கே’ என்று எழுதினால் ‘தங்கம்’ என்பதில் வரும் க போலத்தான் வாசிப்போம். ஜேர்மனில் அந்தக் க அழுத்தமானது: ‘டங்க்கெ’. ஒலிப்பதிவைக் கேளுங்கள், ஐந்து தடவை திருப்பிச் சொல்லுங்கள், அதன் பிறகு ஜேர்மன் எழுத்தில் எழுதுங்கள்.

தமிழ் வாய்க்கு இன்னொரு சிக்கல், சொல்லின் தொடக்கத்தில் வரும் ப, ட, க. ஜேர்மனில் இவை ஒரு சிறு காற்று வெடிப்போடு வரும். நாம் காற்றில்லாமல் சொல்லும் ‘டே’ அவர்கள் காதில் வேறு எழுத்தாக விழும். தேநீருக்கான ‘டே’ என்ற சொல்லை, வாய்க்கு முன்னால் ஒரு மெல்லிய தாளைப் பிடித்துக்கொண்டு சொல்லிப் பாருங்கள். தாள் அசைய வேண்டும்.

இரண்டு புள்ளி வைத்த உயிர்களுக்கும் செய்முறை உண்டு. உ மேல் புள்ளி வந்தால், உதட்டை ‘ஊ’ சொல்லும்போது போலக் குவித்துவைத்து, உள்ளே ‘ஈ’ சொல்லுங்கள். ஓ மேல் புள்ளி வந்தால், உதடு ‘ஓ’, உள்ளே ‘ஏ’. இந்தக் கட்டுரையில் முதலாவதை ‘யு’ என்று எழுதியிருக்கிறோம், கிட்டத்தட்ட மட்டும்தான். புள்ளியை விட்டால் பொருள் மாறும். ‘ட்ருக்கன்’ என்றால் அச்சிடு, ‘ட்ர்யுக்கன்’ என்றால் அழுத்து. விசைப்பலகையில் புள்ளி எழுத்து இல்லாவிட்டால், அந்த உயிர் எழுத்துக்குப் பின்னால், ஆங்கிலத்தில் ‘ஈ’ என்கிற ஐந்தாவது எழுத்தைச் சேர்த்து எழுதலாம். எல்லோருக்கும் விளங்கும். புள்ளியில்லாமல் வெறுமனே விடுவதுதான் பிழை.

பெயரை எழுத்துக்கூட்டுதல்

ஏ1 பரீட்சையில் கேட்பார்கள் என்பதற்காக மட்டுமல்ல, தொலைபேசியில் அன்றாடம் தேவைப்படும் என்பதற்காகவும் இதைச் செம்மையாகப் பழக வேண்டும். பாடப்புத்தகங்கள் இதற்கு ஒரு பக்கத்துக்கு மேல் ஒதுக்குவதில்லை. தமிழ்ப் பெயர் உள்ளவருக்கு ஒரு பக்கம் போதாது.

ஆங்கிலப் பழக்கத்தில் எழுத்துக்கூட்டினால் என்ன நடக்கும் என்று பாருங்கள். ஆங்கிலத்தின் முதல் எழுத்தை நாம் ‘ஏ’ என்கிறோம். ஜேர்மனியில் ‘ஏ’ என்பது ஐந்தாவது எழுத்தின் பெயர். ஆங்கிலத்தின் ஐந்தாவது எழுத்தை ‘ஈ’ என்கிறோம். அங்கே ‘ஈ’ என்பது ஒன்பதாவது எழுத்து. மறுமுனையில் இருப்பவர் நீங்கள் சொன்னதைத்தான் எழுதுவார், ஆனால் வேறு பெயர் எழுதப்பட்டிருக்கும். ஜேர்மன் உயிர்களின் பெயர்கள் ஆ, ஏ, ஈ, ஓ, ஊ. நம் நெடில்களேதான். ஆங்கிலத்தை மறந்துவிட்டுத் தமிழாக நினைத்தால் ஐந்தும் ஒரே தடவையில் மனத்தில் நிற்கும்.

மெய்களில் நம் பெயர்களுக்கு அடிக்கடி வேண்டியவை: ஜெயந்தியின் முதல் எழுத்துக்கு ‘யொட்’. விமலாவின் முதல் எழுத்துக்கு ‘ஃபௌ’. இதை ஆங்கிலத்தில் போல ‘வீ’ என்றால் அவர்கள் இரட்டை வளைவு எழுத்தை எழுதுவார்கள், ஏனென்றால் அதன் பெயர் அங்கே ‘வே’. ‘எச்’ என்பதற்கு ‘ஹா’, ‘வை’ என்பதற்கு ‘யுப்சிலொன்’, ‘ஜீ’ என்பதற்கு ‘கே’, ‘கே’ என்பதற்கு ‘கா’, ‘செட்’ என்பதற்கு ‘ட்ஸெட்’. ஆக ஜெயந்தி சொல்ல வேண்டியது: யொட், ஏ, யுப்சிலொன், ஆ, என், டே, ஹா, ஈ. மின்னஞ்சல் முகவரியில் வரும் சுழி ‘எட்’, புள்ளி ‘புங்க்ட்’, கீழ்க்கோடு ‘உன்டர்ஷ்ட்ரிஹ்’, நடுக்கோடு ‘பின்டெஷ்ட்ரிஹ்’. உங்கள் பெயரையும் மின்னஞ்சலையும் பதினைந்து செக்கனுக்குள் தடங்கலில்லாமல் சொல்ல வரும்வரை பழகுங்கள். உங்கள் பெயரை அவர்கள் முதல் தடவை வாசிக்கும்போது ‘யேயன்ட்டி’ என்றுதான் வரும். அது உங்களைக் கூப்பிடுவதுதான் என்று காது அறிந்திருக்க வேண்டும்.

பெயர் பற்றி இன்னொன்று. ஜேர்மன் படிவம் எல்லாவற்றிலும் ‘ஃபோர்னாமெ’, ‘நாஹ்னாமெ’ என்று இரண்டு கட்டம் இருக்கும். முதலாவது உங்களுக்கு வைத்த பெயர், இரண்டாவது குடும்பப் பெயர். நமக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்றில்லை, தந்தை பெயர்தான் அந்த இடத்தில் நிற்கிறது. கடவுச்சீட்டில் குடும்பப் பெயர்க் கட்டத்தில் எது இருக்கிறதோ அதையே எல்லா இடத்திலும் எழுதுங்கள், வகுப்புப் பதிவிலிருந்து சான்றிதழ் வரை. கடிதத்தில் உங்களை அப்பாவின் பெயரால் ‘ஹெர் கந்தசாமி’ என்று விளிப்பார்கள். அது மரியாதையான விளிப்பு. திருத்தப் போக வேண்டாம்.

எண்ணும் நேரமும்

முப்பத்தைந்து என்று நாம் பத்தை முதலில் சொல்கிறோம். ஜேர்மன் ஒன்றை முதலில் சொல்லும்: ‘ஃப்யுன்ஃப்-உன்ட்-ட்ரைஸிஹ்’, ஐந்தும் முப்பதும். காதில் முதலில் விழுந்த ஐந்தை எழுதிவிட்டு அடுத்து மூன்றை எழுதினால் 53 ஆகிவிடும். 35 பெட்டி கேட்டவருக்கு 53 பெட்டி போவது இப்படித்தான். முழு எண்ணும் முடியும்வரை பேனையை வைக்காதீர்கள். எழுதிய பிறகு ஒவ்வொரு இலக்கமாகத் திருப்பிச் சொல்லி உறுதிப்படுத்துங்கள்: ‘ட்ரை, ஃப்யுன்ஃப்’. தொலைபேசியில் இரண்டை ‘ட்ஸ்வை’ என்பதற்குப் பதில் ‘ட்ஸ்வோ’ என்று சொல்வார்கள், மூன்றான ‘ட்ரை’யோடு குழம்பாமல் இருக்க. நீங்களும் அப்படியே சொல்லலாம். 13க்கும் 30க்கும் வேறுபாடு கடைசி அசையில்தான்: ‘ட்ரைட்ஸேன்’, ‘ட்ரைஸிஹ்’.

கையால் எழுதிய ஜேர்மன் 1 தலையில் நீளமான சாய்கோடு வைத்திருக்கும், நமக்கு 7 போலத் தெரியும். அவர்களுடைய 7 இடுப்பில் ஒரு குறுக்குக்கோடு போட்டிருக்கும். விடுதிச் சீட்டிலும் கிடங்குக் குறிப்பிலும் இதைக் கவனியுங்கள்.

நேரத்தில் ஒரு பெரிய பொறி இருக்கிறது. ‘ஹல்ப் ட்ரை’ என்பது சொல்லுக்குச் சொல் ‘அரை மூன்று’. தமிழர் உடனே மூன்றரை என்று எடுப்போம். அது இரண்டரை மணி. மூன்றை நோக்கிப் போகும் மணித்தியாலத்தில் பாதி என்பது கணக்கு. ஒரு முழு மணித்தியாலம் பிந்திப் போவதற்கு இந்த ஒரு சொல் போதும். சந்திப்பு நேரத்தை எப்போதும் 24 மணித்தியால முறையில் ‘ஃபியர்ட்ஸேன் ஊர் ட்ரைஸிஹ்’, 14.30 என்று சொல்லி உறுதிப்படுத்துங்கள். கிழக்கு ஜேர்மனியிலும் தெற்கில் சில இடங்களிலும் ‘ஃபியர்டெல் ட்ரை’ என்று கேட்டால் அது இரண்டே கால்.

வசனம்: தமிழ் கைகொடுக்கும் இடம்

‘இஹ் மொஹ்டெ ஐன் கீலோ டொமாட்டன் கௌஃபன்.’ நான் ஒரு கிலோ தக்காளி வாங்க விரும்புகிறேன். விருப்பத்தைச் சொல்லும் வினை இரண்டாம் இடத்தில் நிற்கிறது. ‘வாங்க’ என்பதற்கான ‘கௌஃபன்’ கடைசிக்குப் போய்விட்டது, பொருளுக்குப் பின்னால். ஆங்கிலத்தில் நினைப்பவர் அதை முன்னால் இழுத்துக்கொண்டு வருவார். நாம் இழுக்கத் தேவையில்லை.

காரணம் சொல்லும் வசனத்தில் இது இன்னும் தெளிவு. ‘வைல் இஹ் ஹொய்டெ க்ரங்க் பின்’: நான் இன்றைக்குச் சுகமில்லாமல் இருக்கிறபடியால். ‘பின்’ என்ற வினை கடைசியில். ஆங்கில வழிப் பாடங்களில் ‘வினையைக் கடைசிக்குத் தள்ளு’ என்று விதி மனப்பாடம் செய்யவைப்பார்கள். தமிழருக்கு அது பிறவிப் பழக்கம்.

சாதாரண வசனத்தில் மட்டும் ஒரு கட்டுப்பாடு உண்டு: வினை இரண்டாம் இடத்தை விட்டு அசையாது. ‘நாளைக்கு’ என்று தொடங்கினால் அடுத்து வருவது வினை, அதற்குப் பிறகுதான் ‘நான்’: ‘மோர்கன் ரூஃபெ இஹ் ஸீ அன்.’ நாளைக்கு உங்களுக்கு போன் எடுக்கிறேன். ‘மோர்கன் இஹ் ரூஃபெ’ என்பதுதான் ஏ1 வகுப்பில் நாள்தோறும் கேட்கும் பிழை. அந்த வசனத்தின் கடைசியில் நிற்கும் ‘அன்’ வினையின் பிரிந்துபோன தலை. அகராதியில் ‘அன்ரூஃபன்’ என்று ஒன்றாக இருக்கும்.

வேற்றுமைக்கு வருவோம். ‘எனக்குக் குளிருது’ என்று நாம் நான்காம் வேற்றுமையில் சொல்வதை ஜேர்மனும் அப்படியே சொல்கிறது: ‘மீர் இஸ்ட் கல்ட்.’ ‘மீர்’ என்றால் ‘எனக்கு’. ஆங்கிலத்தைப் பின்பற்றி ‘இஹ் பின் கல்ட்’ என்றால் மனத்தில் ஈரமில்லாத ஆள் என்று பொருள்படும். எனக்குச் சுகம், ‘மீர் கேட் எஸ் கூட்’. எனக்குப் பிடிச்சிருக்கு, ‘டஸ் கெஃபெல்ட் மீர்’. எனக்குத் தலையிடிக்குது, ‘மீர் டூட் டேர் கொப்ஃப் வே’. உங்களுக்கு உதவி செய்கிறேன், ‘இஹ் ஹெல்ஃபெ ஈனன்’, இதிலும் ‘உங்களுக்கு’. இந்த ஐந்தையும் தமிழோடு சேர்த்து மனப்பாடம் செய்தால் நான்காம் வேற்றுமையின் பாதி முடிந்த மாதிரி.

ஆனால் எல்லாவற்றையும் இப்படி நம்பிவிடக்கூடாது. பசிக்கு ‘எனக்கு’ வராது. ‘இஹ் ஹாபெ ஹுங்கர்’, நான் பசி வைத்திருக்கிறேன் என்கிற அமைப்பு. போன் எடுப்பது நமக்கு ‘உங்களுக்கு’, அவர்களுக்கு ‘உங்களை’. இன்னும் முக்கியமானது போகும் இடம். ‘கடைக்குப் போகிறேன்’ என்பதில் நாம் கு உருபு வைக்கிறோம். ஜேர்மனில் ‘இன்’ என்ற முன்னிடைச்சொல்லோடு உள்ளே போவதானால் இரண்டாம் வேற்றுமை: ‘இன் டேன் ஸூப்பர்மார்க்ட்’. உள்ளே இருப்பதானால்தான் நான்காம் வேற்றுமை: ‘இம் ஸூப்பர்மார்க்ட்’. நம் காது இதில் தலைகீழாகச் சொல்லும். வைத்தியரிடம் போவது ‘ட்ஸும் அர்ட்ஸ்ட்’, நாட்டுக்கும் ஊருக்கும் போவது பெரும்பாலும் ‘நாஹ்’.

டேர், டீ, டஸ்

உயிரில்லாத பொருள் எல்லாம் அஃறிணை என்று வளர்ந்த நமக்கு, மேசை ஆண், விளக்கு பெண் என்பது வெறுப்பேற்றும். காரணம் தேடாதீர்கள். சொல்லைப் படிக்கும்போதே அதன் முன்னொட்டோடும் (ஆண்பாலுக்கு ‘டேர்’, பெண்பாலுக்கு ‘டீ’, இரண்டுமில்லாததற்கு ‘டஸ்’) பன்மையோடும் ஒரே மூச்சில் படியுங்கள். முன்னொட்டில்லாமல் படித்த நூறு சொல்லைத் திரும்பப் படிக்க இரண்டு மடங்கு நேரம் போகும்.

முடிவைப் பார்த்து அறியக்கூடியவை சில உண்டு. ‘உங்’ என்று முடிபவை ஏறத்தாழ எல்லாம் ‘டீ’. வியாபாரத்தில் இருப்பவருக்கு இது பெரிய கொடை, ஏனென்றால் அன்றாடம் புழங்கும் தாள்களின் பெயர்கள் பலவும் இந்த வகை: விலைப்பட்டியல் (இன்வொய்ஸ்) ‘ரெஹ்னுங்’, ஓடர் ‘பெஷ்டெல்லுங்’, பொருள் அனுப்புதல் ‘லீஃபெருங்’, கொடுப்பனவு ‘ட்ஸாலுங்’. ‘ஹைட்’, ‘கைட்’, ‘ஷஃப்ட்’ என்று முடிபவையும் ‘டீ’. நாள், மாதம், பருவம் எல்லாம் ‘டேர்’. சிறியது என்று காட்டும் ‘ஹென்’ ஒட்டினால் ‘டஸ்’.

கூட்டுச்சொல்லுக்குக் கடைசிச் சொல்லின் பால்தான். நம் தொகைச்சொல் போலவே தலை வலது பக்கம். தென்னந்தும்பு விரிப்புக்கு ‘கோகோஸ்-ஃபாஸர்-மட்டெ’: ‘மட்டெ’ பெண்பால், ஆகவே ‘டீ’. நீளமான ஜேர்மன் சொல்லைக் கண்டு பயப்படாமல் வலமிருந்து பிரித்துப் பாருங்கள். இரண்டாம் வேற்றுமையில் மாறுவது ஆண்பால் மட்டும்: ‘டேர்’ ‘டேன்’ ஆகும், ‘ஐன்’ ‘ஐனன்’ ஆகும். தேநீர் ஆண்பால், ஆகவே ‘இஹ் மொஹ்டெ ஐனன் டே’.

கடைத்தெரு

பேக்கரியில் ‘இஹ் ஹெட்டெ கெர்ன்’ என்று தொடங்கி வேண்டியதைச் சொன்னால் போதும், மரியாதையும் அதற்குள் அடங்கிவிடும். வேறு ஏதும் வேணுமா என்பது ‘ஸொன்ஸ்ட் நொஹ் எட்வஸ்?’ இல்லை, அவ்வளவுதான் என்பது ‘நைன் டங்க்கெ, டஸ் இஸ்ட் அலெஸ்’. ஒருவர் தேநீர் வேணுமா என்று கேட்கும்போது ‘டங்க்கெ’ என்று மட்டும் சொன்னால் வேண்டாம் என்று எடுத்துக்கொண்டு தட்டைத் திருப்பிக் கொண்டுபோவார். வேண்டுமென்றால் ‘யா, பிட்டெ’. விளங்காவிட்டால் ‘வீ பிட்டெ?’ மெதுவாகப் பேசச் சொல்ல ‘லங்ஸாமர், பிட்டெ’.

கடைகள் ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலும் பூட்டு, பெரிய ரயில் நிலையங்களில் சில திறந்திருக்கும். ஒருதடவை பாவிக்கும் பிளாஸ்டிக் போத்தலுக்கும் தகரக் குவளைக்கும் 25 சென்ட் ‘ப்ஃபன்ட்’ என்ற வைப்புத்தொகை சேர்த்து எடுப்பார்கள். வெறும் போத்தலைக் கொண்டுபோனால் காசு திரும்பக் கிடைக்கும். வீடு மாறினால் இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் பதிய வேண்டும், அதன் பெயர் ‘அன்மெல்டுங்’. அவசரத்துக்குத் தீயணைப்பும் அம்புலன்ஸும் 112, பொலிஸ் 110.

வியாபாரத் தாள்

‘1.500 கிலோ’ என்று ஒரு ஜேர்மன் தாளில் கண்டால் அது ஒன்றரைக் கிலோ அல்ல, ஆயிரத்து ஐந்நூறு கிலோ. அங்கே புள்ளி ஆயிரத்தைப் பிரிக்கிறது, காற்புள்ளி தசமத்தைப் பிரிக்கிறது. ‘2,750’ என்றால் இரண்டே முக்கால். இலக்கணப் பிழையால் வியாபாரம் கெடுவது அபூர்வம். இந்தப் புள்ளியால் கெடும். எக்செல் கோப்பு அனுப்பும்போது கணினியின் நாட்டு அமைப்பைப் பொறுத்து எண் மாறிக் காட்டும். ஆகவே மின்னஞ்சலின் உடலிலும் அளவையும் அலகையும் ஒருதடவை எழுதிவிடுங்கள். பெரிய தொகைக்கு இன்னொரு கவனம்: நூறு கோடிக்கு அவர்கள் ‘மில்லியார்டெ’ என்பார்கள். ‘பில்லியோன்’ என்றால் அதைவிட ஆயிரம் மடங்கு.

பொருள் அனுப்பும் நாளைத் திகதியாகச் சொல்லாமல் ‘கா வே 32’ என்று வார எண்ணாகச் சொல்வது அங்கே வழக்கம். ஐஎஸ்ஓ 8601 என்ற சர்வதேச முறைப்படி வாரம் திங்களில் தொடங்கும், ஜனவரி 4 எந்த வாரத்தில் வருகிறதோ அது முதலாவது வாரம். 2026இல் 32ஆவது வாரம் ஓகஸ்ட் 3 முதல் 9 வரை. கணினி நாட்காட்டி அமெரிக்க முறையில் இருந்தால் 2027 முழுவதும் ஒரு வாரம் பிசகும், ஏனென்றால் அந்த வருடம் ஜனவரி 1 வெள்ளிக்கிழமை. ஐஎஸ்ஓ கணக்கில் அது இன்னும் 2026இன் 53ஆவது வாரம். நாட்காட்டியின் அமைப்பை இன்றே மாற்றிவையுங்கள். பதில் எழுதும்போது வார எண்ணோடு திகதியையும் சேர்த்து எழுதுங்கள்.

தாள்கள் வரும் ஒழுங்கைத் தெரிந்துகொண்டால் மொழி பாதி விளங்கிவிடும். முதலில் வாங்குபவரின் விசாரிப்பு ‘அன்ஃப்ராகெ’. உங்கள் விலைமனு ‘அன்-கெபோட்’. அவர் ஓடர் தந்ததும் நீங்கள் அனுப்பும் உறுதிப்படுத்தல் ‘ஔஃப்ட்ராக்ஸ்-பெஷ்டேட்டிகுங்’. இதை அனுப்பாமல் விடுவது நம்மவர் பலரின் பழக்கம். அங்கே அது வராதவரை ஓடர் நிற்கிறதா இல்லையா என்று அவர்கள் தவிப்பார்கள். பிறகு பொருளோடு போகும் ‘லீஃபர்ஷைன்’, அதன்பின் ‘ரெஹ்னுங்’. காசு பிந்தினால் ‘மானுங்’, நினைவூட்டல். பொருளில் குறை என்று வரும் கடிதம் ‘ரெக்லமட்ஸியோன்’. இந்தச் சொல் தலைப்பில் இருந்தால் மற்ற வேலையை வைத்துவிட்டு அதைப் பாருங்கள்.

‘ஸ்கொன்டோ’ என்றும் ஒன்று வரும். 14 நாளுக்குள் கட்டினால் 2 வீதம் கழிவு, இல்லாவிட்டால் 30 நாளில் முழுத்தொகை என்பது ஒரு வழக்கமான நிபந்தனை. 5.000 யூரோ பட்டியலுக்கு 4.900 வந்தால் குறைத்துக் கட்டிவிட்டார்கள் என்று கடிதம் எழுதுமுன் திகதியையும் ஒப்புக்கொண்ட நிபந்தனையையும் பாருங்கள்.

மின்னஞ்சலில் பெயர் தெரிந்தால் ஆணுக்கு ‘ஸேர் கெஏர்ட்டர் ஹெர்’, பெண்ணுக்கு ‘ஸேர் கெஏர்ட்டெ ஃப்ரௌ’, அதன்பின் குடும்பப் பெயர், ஒரு காற்புள்ளி. ஹெர் என்றால் கடைசியில் ‘ர்’ உண்டு, ஃப்ரௌ என்றால் இல்லை. பெயர் தெரியாவிட்டால் ‘ஸேர் கெஏர்ட்டெ டாமன் உன்ட் ஹெரன்’. அடுத்த வரி சிறிய எழுத்தில் தொடங்கும், காற்புள்ளிக்குப் பின் வசனம் தொடர்வதால். முடிவில் ‘மிட் ஃப்ரொய்ன்ட்லிஹன் க்ர்யுஸன்’, அதன்பின் காற்புள்ளி கிடையாது. பெயர்ச்சொல் எல்லாவற்றுக்கும் முதல் எழுத்துப் பெரிது. தமிழில் பெரிய எழுத்து என்று ஒன்றில்லாததால் நம் கண் இதைத் தவறவிடும். அனுப்புமுன் பெயர்ச்சொற்களுக்காக மட்டும் ஒருதடவை வாசியுங்கள். ‘நீங்கள்’ என்ற ‘ஸீ’யும் பெரிய எழுத்தில் தொடங்க வேண்டும், சிறிய எழுத்தானால் அவள் அல்லது அவர்கள் என்று ஆகும்.

‘டூ’ என்ற ‘நீ’க்கு எப்போது இறங்குவது? அவர்கள் சொல்லும்வரை இறங்காதீர்கள். மூத்தவரோ வாங்குபவரோதான் முதலில் அழைப்பார். நாம் நீங்கள் என்று தொடங்கி நெருங்கிய பிறகும் நீங்கள் என்றே வைத்திருப்போம். அங்கே ‘டூ’ என்று அழைத்தபின் திரும்ப ‘ஸீ’க்குப் போனால் மனத்தாங்கல் என்று எடுப்பார்கள்.

ஒரு சொல் மிகக் கெட்டது: ‘எவென்ட்டுவெல்’. ஆங்கிலச் சாயலில் ‘கடைசியில் எப்படியும்’ என்று வாசிக்கத் தோன்றும். அதன் பொருள் ‘ஒருவேளை’. ஓடர் ஒருவேளை வரலாம் என்பதை ஓடர் எப்படியும் வரும் என்று வாசித்து மூலப்பொருள் வாங்கிவைத்தால் கிடங்கில்தான் கிடக்கும். ‘அக்டுவெல்’ என்றால் ‘தற்போதைய’. ‘ப்ரொவிஸியோன்’ என்றால் தரகு.

தொலைபேசிக்கு நேரம் பார்த்து எடுங்கள். மார்ச் கடைசி ஞாயிறு முதல் ஒக்டோபர் கடைசி ஞாயிறு வரை ஜேர்மனி நமக்கு மூன்றரை மணித்தியாலம் பின்னால். மற்றக் காலத்தில் நாலரை. கொழும்பில் பிற்பகல் 2 மணி என்றால் அங்கே கோடையில் 10.30, குளிர்காலத்தில் 9.30. எடுக்க நல்ல நேரம் அது. வெள்ளி பிற்பகல் பல அலுவலகங்கள் வெறிச்சோடிவிடும். எடுப்பவர் தன் குடும்பப் பெயரைச் சொல்லித்தான் தொடங்குவார். நீங்கள் சொல்ல வேண்டியது: ‘கூட்டன் டாக், ஹீர் இஸ்ட்’, உங்கள் குடும்பப் பெயர், ‘ஔஸ் கொலொம்போ’. அதன்பின் ‘ஷ்ப்ரெஹன் ஸீ எங்லிஷ்?’ என்று கேட்டு ஆங்கிலத்துக்கு மாறலாம். முதல் ஒரு வசனம் ஜேர்மனில் வந்ததே அவர்களுடைய குரலை மாற்றிவிடும்.

ஏ1 பரீட்சை

கேட்டல் ஏறத்தாழ 20 நிமிடம், வாசித்தல் 25, எழுதுதல் 20, பேசுதல் சிறு குழுவாக 15. நூற்றுக்கு 60 எடுத்தால் சித்தி. ஏ1ஐ முழுதாகத்தான் எழுத வேண்டும், பி1இல் நான்கு பகுதியையும் தனித்தனியாக எழுத இடமுண்டு. ஏ1க்கு வேண்டிய ஏறத்தாழ 650 சொற்களின் பட்டியலும் மாதிரிப் பரீட்சையும் கூத்தே நிறுவனத்தின் தளத்தில் இலவசமாக இருக்கின்றன.

எழுத்துப் பகுதியில் ஒரு படிவத்தில் ஐந்து கட்டம் நிரப்பி, பிறகு முப்பது சொல் அளவில் ஒரு குறுங்கடிதம். மூன்று விடயம் தருவார்கள். இலக்கணம் திறமாக இருந்தும் புள்ளி போவது மூன்றில் ஒன்றைத் தொடாமல் விடுவதால்தான். விளிப்பு, ஒவ்வொரு விடயத்துக்கும் ஒரு வசனம், முடிவுரை, பெயர். அதற்குமேல் அழகு சேர்க்கப் போகாதீர்கள். நீட்டிய வசனத்தில்தான் பிழை விழும். பேச்சுப் பகுதியில் பெயர், வயது, நாடு, வசிக்கும் இடம், மொழி, தொழில், பொழுதுபோக்கு என்று அட்டையில் உள்ளதைச் சொல்லித் தன்னை அறிமுகம் செய்ய வேண்டும். மனப்பாடமாக ஒப்புவித்தால் அடுத்து எழுத்துக்கூட்டச் சொல்லும்போதும் தொலைபேசி இலக்கம் கேட்கும்போதும் தடுமாறுவீர்கள். அந்த இரண்டையும்தான் கூடப் பழக வேண்டும்.

நாளாந்த ஒரு மணித்தியாலத்தை இப்படிப் பிரிக்கலாம். வேலைக்குப் போகும் வழியில், காலி வீதியில் பஸ் ஊர்ந்துகொண்டிருக்கும்போது, இருபது நிமிடம் கேட்டல். ஒரே ஒலிப்பதிவை மூன்று தடவை, எழுத்தைப் பார்க்காமல். இரவு இருபது நிமிடம் புத்தகம். மிச்ச இருபது நிமிடம் வாய்விட்டுப் பேசுதல். வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ அதே வகுப்புக்குப் போகும் ஒருவரோடு போனில் பேசினாலும் சரி. அலுவலக வேலைக்காகப் படிப்பவர், கோப்பில் கிடக்கும் பழைய ஜேர்மன் பட்டியல் ஒன்றை வாரத்துக்கு ஒன்றாக எடுத்து, ஒவ்வொரு தலைப்பையும் விளங்கிக்கொள்ளும்வரை வாசியுங்கள். எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லாத பயிற்சி அது.

பரீட்சைக்கு முந்திய இரண்டு வாரம் புதிய பாடம் எடுக்காதீர்கள். மாதிரிப் பரீட்சையை மணிக்கூடு வைத்துச் செய்யுங்கள். கேட்டலின் முதலாம், மூன்றாம் பகுதிகள் இரண்டு தடவை ஒலிக்கும், இரண்டாம் பகுதி ஒரே தடவைதான். அது ரயில் நிலையத்திலும் கடையிலும் கேட்கும் அறிவிப்பு வகை. வீட்டில் பழகும்போதும் அந்தப் பகுதியைத் திருப்பிப் போடாதீர்கள்.